ஒத்தீலியாவும் கரையாத மாத்திரையும்

ஒத்தீலியா பெனாவிதெஸ் தலைநகரான பொகோத்தாவுக்கு வேலை தேடி வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. தெற்கே பாஸ்தோ மலைப்பக்கத்தில் உருளைக்கிழங்கு விளையும் ஒரு சிற்றூர் அவள் ஊர். புவென்தே அராந்தா தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் கண்ணாடிக் குவளை கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். சேர்ந்துவிட்டாள்.

பாஸ்தோக்காரர்கள் மந்தபுத்திக்காரர்கள் என்று இந்த நாட்டில் ஆளுக்கொரு கேலிக்கதை வைத்திருப்பார்கள். ஆய்வகத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒத்தீலியா கழுவிய குவளையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். ஒரு மூலையில் மங்கல் தெரிந்தாலும் மறுபடி கழுவுவாள். "பாஸ்தோக்காரி குவளைய ரெண்டு தரம் கழுவுவா. மொதத் தரம் கழுவினது ஞாபகம் இருக்காது, பாவம்" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. கதை முடியும்வரை கேட்டுவிட்டு மூன்றாவது தரமும் கழுவுவாள்.

எட்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய்ப் பள்ளிப் படிப்பை முடித்தாள். அதற்குமேல் பரிசோதகர் சான்றிதழும் வாங்கினாள். கழுவும் தொட்டியிலிருந்து மேசைக்கு வந்தாள். பள்ளிச் சீருடை தைக்கும் தன் தங்கையோடு ஃபோன்திபோன் பக்கம் இரண்டு அறையில் குடியிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்து மூன்று வயதில் கரைதிறன் சோதனை மேசை முழுக்க அவள் பொறுப்பு.

அந்த மேசையில் வெந்நீர்த் தொட்டி ஒன்று. அதற்குள் உருண்டை அடியோடு ஆறு கண்ணாடிக் குவளைகள். தொட்டி எப்போதும் முப்பத்தேழு டிகிரியில், அதாவது மனுஷ உடம்பின் சூட்டில் நிற்க வேண்டும். குவளைக்கு ஒரு மாத்திரை போட்டதும் மேலிருந்து இறங்கும் துடுப்பு மெல்லச் சுழலும். குறித்த நேரம் ஆனதும் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் நீரை உறிஞ்சி, எத்தனை பங்கு மருந்து கரைந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். கரையாத மருந்து ரத்தத்துக்குப் போகாது. மாத்திரையில் எழுதிய அளவு மருந்து அப்படியே இருக்கலாம், கலப்படம் ஏதும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே போனபின் பிரியவில்லை என்றால் கூழாங்கல்லை விழுங்கியதற்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. ஒத்தீலியா பதினைந்து வருடமாக மாத்திரைகள் பிரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எது ஓரத்திலிருந்து உதிரும், எது நடுவில் வெடிக்கும், எது பஞ்சுபோல் ஊதும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள்.

1987 பிப்ரவரியில் ஒரு கடிதம் வந்தது. பசிபிக் கரையில் சாந்தா ரீத்தா என்ற ஆற்றூரிலிருந்து, புவெனவெந்தூரா வழியாக ஐந்து வாரம் கழித்து வந்து சேர்ந்திருந்தது. கையெழுத்து பள்ளிக்கூட வாத்தியாருடையது. சொற்கள் தெல்ஃபீனா ரியாஸ்கோஸ் என்பவளுடையவை. அவள் சொல்லச் சொல்ல வாத்தியார் அப்படியே எழுதியிருந்தார்.

"ஐயாமாரே, என் புருஷன் ஹசின்தோ படகு செய்யிற தச்சன். அவருக்கு வலிப்பு உண்டு. உங்க வெள்ளை மாத்திரை போட்டு ரெண்டு வருஷம் நல்லா இருந்தார். போன செப்டம்பர்லேர்ந்து மறுபடி விழுறார். மாத்திரையப் போடாம ஏமாத்துறார்ங்கறாங்க. விச்சே சாராயம் குடிக்கிறார்ங்கறாங்க. நான் என் கண்ணால பாத்துப் போடுறேன். ஒரு நாள் மாத்திரைய எடுத்து ஒரு கிளாஸ் தண்ணில போட்டேன். முன்னெல்லாம் கையில ஈரம் பட்டாலே மாவா உதிரும். இப்ப நான் சோறு வடிச்சு, மீன் பொரிச்சு, பாத்திரம் கழுவி முடிச்சும் அது அப்படியே கெடந்துச்சு. ரெண்டு மாத்திரை வச்சிருக்கேன். நீங்களே போட்டுப் பாருங்க."

சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் இரண்டு மாத்திரைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

தரப் பிரிவின் தலைவர் டாக்டர் அரிஸ்தீதெஸ் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். அந்த மருந்தை சுகாதாரத் துறைக்கு ஆயிரம் மாத்திரை கொண்ட பெரிய பிளாஸ்டிக் பாட்டில்களில் கம்பெனி கொடுத்துவந்தது. புகார் வந்தால் அதே தயாரிப்பு எண்ணில் கம்பெனி எடுத்துவைத்திருக்கும் காப்பு மாதிரியைச் சோதித்து, சரியாக இருந்தால் வழக்கமான பதில் கடிதத்தை அனுப்பிவிடுவது நடைமுறை. ஒத்தீலியா காப்பு மாதிரியைச் சோதித்தாள். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கு எண்பத்தெட்டு கரைந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே வெள்ளித்தாளைப் பிரித்து ஒரு மாத்திரையைக் குவளையில் போட்டாள். துடுப்பு சுழன்றது. ஒரு மணி நேரம் கழித்தும் மாத்திரை அடியில் கிடந்தது. ஓரம்கூட மழுங்கவில்லை.

டாக்டர் அரிஸ்தீதெஸிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒரு மாத்திரையை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, அது மழையில் நனைந்ததோ, பாக்கெட்டில் வியர்வையில் கிடந்ததோ யாருக்குத் தெரியும் என்றார். உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்று பாட்டிலில் அச்சடித்திருக்கிறதே என்றும் சொன்னார்.

"டாக்டர், அந்தக் கரையில வருஷம் முழுக்க மழை. உலர்ந்த இடத்துக்கு அவங்க எங்க போவாங்க?" என்றாள் ஒத்தீலியா.

"அது நம்ம கேள்வி இல்ல, தோன்யா ஒத்தீலியா. பதில் எழுதி அனுப்பிடுங்க." மரியாதைக்கு எல்லாரும் அவளைத் தோன்யா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பதிலை எழுதினாள், அவரும் கையெழுத்துப் போட்டார். அதைத் தபாலில் சேர்க்காமல் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். ஏப்ரலில் புனித வாரத்துக்கு நிறுவனம் மூடியிருக்கும். அவளுக்கு விடுப்பும் மிச்சம் இருந்தது. சாந்தா ரீத்தாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கிடங்கில் மாதிரி என்று எழுதிக் கையெழுத்திட்டு, புதிதாகத் தயாரான அதே மாத்திரையில் சீல் உடைக்காத பாட்டில் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கடலையே அதுவரை பார்த்திராதவள் அவள். தங்கை ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டைத் தைத்துக் கொடுத்து, "பைத்தியந்தான் உனக்கு" என்று வழியனுப்பினாள்.

பஸ்ஸில் புவெனவெந்தூரா துறைமுகம் போக ஒரு பகலும் ஒரு இரவும் பிடித்தது. அங்கிருந்து மரம் ஏற்றப் போகும் படகில் ஐந்து மணி நேரம். வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே போனாள். சாந்தா ரீத்தாவில் இறங்கும்போது மழை. வீடுகள் எல்லாம் ஆற்றங்கரையில் மரக்கால்கள்மேல் நின்றன. காயப்போட்ட துணி எந்த வீட்டிலும் காய்ந்திருக்கவில்லை. தன் ரொட்டிப் பையைத் திறந்து பார்த்தாள். பொகோத்தாவில் வாங்கிய மொறுமொறு பிஸ்கட் இரண்டு நாளில் துணிபோல் வளைந்தது.

சுகாதார நிலையம் ஒரே அறை. அதைப் பார்த்துக்கொள்பவள் நூபியா. முப்பது வயதிருக்கும், வெடுக்கென்று பேசுபவள். கம்பெனியிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதுமே அவளுக்குச் சுருக்கென்றது. கூரை ஒழுகுவதை எழுதி மூன்று வருடம் ஆயிற்று, அதைப் பார்க்க ஒருவரும் வரவில்லை, புகார் என்றதும் வந்துவிட்டீர்களா என்று கேட்டாள். ஒத்தீலியா மருந்து பாட்டிலைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள்.

பாட்டில் அலமாரியில் இருந்தது. வெளியிலிருந்து பார்க்க எந்தக் குறையும் இல்லை. மூடி மட்டும் சரியாக உட்காரவில்லை. இந்த ஊருக்கும் ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்து வலிப்பு நோயாளிகள் இரண்டே பேர். ஆயிரம் மாத்திரை தீர ஆறேழு மாதம் ஆகும். அத்தனை மாதமும் வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, எண்ணி, காகிதக் கூம்பில் மடித்துக் கொடுத்திருக்கிறாள் நூபியா. அவள் செய்தது எல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தபடியேதான். ஒத்தீலியா ஒரு மாத்திரையை எடுத்து விரல் நகத்தால் கீறிப் பார்த்தாள். நகம்தான் வளைந்தது.

"இன்னொரு நோயாளி யாரு?" என்று கேட்டாள்.

நூபியாவின் குரல் இறங்கியது. தோன்யா பவுலீனா என்று ஒரு அம்மா, கீழ்ப்பக்கத்து ஊர். டிசம்பரில் துணி துவைக்க ஆற்றுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. வலிப்பு வந்து விழுந்தாளோ, கால் வழுக்கியதோ, பார்த்தவர் யாரும் இல்லை. "நான் கார்டுல 'மூழ்கி இறப்பு'ன்னு எழுதினேன். வேற என்ன எழுதுறது?" என்றாள்.

ஒத்தீலியா இரண்டு நோயாளிகளின் கார்டுகளையும் வாங்கிப் பார்த்தாள். பிறகு பாட்டிலிலிருந்து முப்பது மாத்திரைகளை எண்ணி எடுத்து, இறுக மூடும் சிறு கண்ணாடிப் புட்டியில் போட்டு, தாள் ஒட்டி, நூபியாவிடம் தேதியோடு கையெழுத்து வாங்கினாள்.

ஹசின்தோவின் வீட்டில் தெல்ஃபீனா அவளை உட்காரவைத்து, தேங்காய்ச் சோறும் இறாலும் போட்டாள். இத்தனை தூரம் ஒரு கடிதத்துக்காக ஒருத்தி வருவாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஹசின்தோ பின்பக்கம் ஒரு கட்டையை இழைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது, அகன்ற தோள். புருவத்தில் புதுத் தழும்பு. ஜனவரியில் பாதி முடிந்த படகின்மேலிருந்து விழுந்ததில் ஏற்பட்டது. அதற்குப் பிறகு யாரும் அவனுக்குப் படகு வேலை கொடுக்கவில்லை. வீட்டுக்கு நாற்காலி, துடுப்பு இவைதான் செய்துகொண்டிருந்தான். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் முழுங்குறேனா இல்லையான்னு கேக்கத்தானே வந்திருக்க? எல்லாரும் கேட்டாச்சு. நீயும் கேளு" என்றான்.

"இல்ல, தோன் ஹசின்தோ. உங்களப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. மாத்திரையப் பாக்கத்தான் வந்தேன்."

இழைப்புளி நின்றது.

"மாத்திரை எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு. நீங்க போட்டீங்க, அது வேல செய்யல."

அவன் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். பிறகு தெல்ஃபீனாவைக் கூப்பிட்டு, "கேட்டியா? இத இன்னொரு தரம் சொல்லச் சொல்லு. நூபியா வீட்டுக்குக் கேக்கற மாதிரி சொல்லச் சொல்லு" என்றான். தெல்ஃபீனா சிரித்தாள். அந்த வீட்டில் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருக்கும் என்று ஒத்தீலியாவுக்குத் தோன்றியது.

நூபியாவையும் வரவழைத்து, தான் கொண்டுவந்த புதுப் பாட்டிலின் சீலை அவள் முன்னால் உடைத்தாள். ஒன்றைத் தண்ணீரில் போட்டுக் காட்டினாள். நூபியாவும் ஹசின்தோவும் தெல்ஃபீனாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மாவாகிப் பால்போல் கலங்கியது. இனி இதைப் போடுங்கள், மூடியை இறுக்கி, அரிசி போட்ட டப்பாவுக்குள் பாட்டிலை வையுங்கள் என்று சொன்னாள். நல்ல காரியம் முடிந்தது என்று அன்று நன்றாகத் தூங்கினாள். திரும்பும் படகு வெள்ளிக்கிழமை கழித்துத்தான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தெல்ஃபீனா மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஹசின்தோ எழுந்து நடக்க முடியாமல் தள்ளாடுகிறான், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறான், நாக்கு குழறுகிறது என்றாள். வழியில் நின்ற இரண்டு பேர், "காலங்காத்தால விச்சேவா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒத்தீலியா போய்ப் பார்த்தபோது அவன் சுவரைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். கண்மணிகள் நிலைகொள்ளாமல் ஆடின.

அப்போதுதான் அவள் கேட்டாள். "ஒரு நாளைக்கு எத்தன மாத்திரை?"

"ஆறு" என்றாள் தெல்ஃபீனா.

நிலையத்து கார்டில் மூன்று என்று இருந்ததை ஒத்தீலியா பார்த்திருந்தாள். அது பழைய அளவு, கூடியதை நூபியா அதில் ஏற்றாமலே டாக்டரின் சீட்டைப் பார்த்து எண்ணிக் கொடுத்துவந்திருக்கிறாள். நவம்பரில் புவெனவெந்தூரா டாக்டர், வலிப்பு அடங்கவில்லை என்று நான்காக்கினார். ஜனவரியில் விழுந்து அடிபட்டபின் ஆறாக்கினார். கல்லாகிப்போன மாத்திரை ஆறு போட்டால் இரண்டுக்குக்கூட ஈடாகாது. இப்போது நல்ல மாத்திரை ஆறு போட்டிருக்கிறான், இரண்டு நாளாக.

"அந்தத் தூரத்துலேர்ந்து வந்து என் புருஷன ஊரே பாக்கக் குடிகாரன் மாதிரி ஆக்கிட்டியே" என்றாள் தெல்ஃபீனா. சத்தம் போடவில்லை. அதுதான் ஒத்தீலியாவுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

"என் தப்பு, தெல்ஃபீனா. எத்தன போடுறார்னு மொதல்ல கேட்டிருக்கணும். கேக்காம குடுத்துட்டேன்."

கன்னியாஸ்திரிகள் தங்கியிருந்த மாதா கோவில் வீட்டில் ரேடியோ இருந்தது. நூபியா முன்னே ஓடினாள். அரைமணி நேரம் போராடியபின் புவெனவெந்தூராவில் அந்த டாக்டர் கிடைத்தார். நூபியா ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஒத்தீலியா பக்கத்தில் நின்று திருத்தினாள். இன்று ஒன்றும் கொடுக்காதே, நாளை மயக்கம் தெளிந்தால் மூன்றில் ஆரம்பி, தனியாக விடாதே, மூச்சு மந்தமானால் உடனே படகு ஏற்று என்றார் டாக்டர். பிறகு இரைச்சலுக்கு நடுவே இன்னொன்றும் சொன்னார். "அந்தப் பழைய பாட்டில யாரும் தூக்கிப் போட்றாதீங்க. நான் அளவக் கூட்டினது அத நம்பித்தான்" என்றது குரல்.

அன்று பகல் முழுதும் ஒத்தீலியா ஹசின்தோவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மணிக்கொரு தரம் நாடி பார்த்தாள், ஒரு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டாள். இரண்டு, இரண்டு என்றான். சாயங்காலம் மழை விட்டபோது, "ஒண்ணு. ஆனா அழுக்கா இருக்கு" என்றான். தெல்ஃபீனா அவளுக்கு ஒரு தட்டு சோறு கொண்டுவந்து வைத்தாள். பேசவில்லை, ஆனால் வைத்தாள்.

பொகோத்தா திரும்பியதும் முப்பது மாத்திரைகளில் பன்னிரண்டை இரண்டு சுற்றாகக் குவளைகளில் போட்டாள். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கு முப்பதைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. ஈரத்தை அளந்தாள், இருக்க வேண்டியதைப்போல் மூன்று மடங்கு இருந்தது. இந்த மருந்து ஈரம் பட்டால் மெல்லத் தண்ணீரைத் தன் படிகத்துக்குள் இழுத்துக்கொள்ளும். புதுப் படிகங்கள் ஊசி ஊசியாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னி, மாத்திரையைக் கெட்டியாக்கிவிடும். வெளியே ஒரு நிறமாற்றமும் தெரியாது. பொகோத்தாவின் குளிர்ந்த மேட்டில் வருடக்கணக்காக அலமாரியில் இருந்த காப்பு மாதிரிக்கு இது நேரவே நேராது.

இன்னொன்றும் செய்தாள். ஒரு மூடியுள்ள கண்ணாடி ஜாடியின் அடியில் சமையல் உப்பைக் கரையாமல் மிஞ்சும் அளவுக்குத் தண்ணீரில் கலந்து ஊற்றினாள். அப்படி ஊற்றினால் ஜாடிக்குள் காற்று எப்போதும் ஒரே ஈரத்தில் நிற்கும். அதன்மேல் தட்டில் புது மாத்திரைகளைத் திறந்தபடி வைத்து, நாற்பது டிகிரிச் சூட்டில் விட்டாள். மூன்று வாரம் கழித்து எடுத்தாள். சாந்தா ரீத்தா மாத்திரைகளும் இவையும் கல்லாகியிருந்த விதத்தில் வித்தியாசமே இல்லை.

எல்லாவற்றையும் ஒன்பது பக்கத்தில் எழுதி டாக்டர் அரிஸ்தீதெஸிடம் கொடுத்தாள். அனுப்பாத பதில் கடிதத்தையும் மேலே வைத்தாள். அவர் நின்றபடியே படித்தார். ஏழாவது பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தப் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தத எழுதாதீங்க. அந்த ஆளுக்கு மயக்கம் வந்தத எழுதவே எழுதாதீங்க. வேல போயிடும்."

"அத எடுத்துட்டா மிச்சத்த யார் நம்புவா, டாக்டர்? குவளைல கரையலன்னு நான் சொன்னா, குவளைதானேன்னு சொல்லுவீங்க. ஒரே ஆளு, ஒரே ஆறு மாத்திரை. பழசு போட்டப்ப வலிப்பு நிக்கல, புதுசு போட்டப்ப எழுந்து நிக்க முடியல. இதுக்கு மேல ஒரு சோதன இருக்கா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிப்ரவரியிலேயே தனக்கும் சந்தேகம் தட்டியது என்றும், அந்த வருடத்து அரசு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நேரம் என்பதால் வாயைத் திறக்கவில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். பிறகு ஒன்பதாவது பக்கத்தில் அவள் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். வேறு என்ன செய்திருந்தாலும் அதை ஒத்தீலியா கடைசிவரை அவர் கணக்கில் நல்லதாகவே சொல்லிவந்தாள்.

கம்பெனி உரிமையாளர் தோன் எஃப்ராயின் அடுத்த வாரம் அவளைக் கூப்பிட்டார். அவர் மருந்து படித்தவர் அல்ல, அட்டைப்பெட்டி வியாபாரத்திலிருந்து வந்தவர். நீளமாகப் பேசமாட்டார். மூன்று கேள்வி கேட்டார். அந்த ஆள் இப்போது எப்படி இருக்கிறான்? மூன்று மாத்திரையில் இருக்கிறான், தள்ளாட்டம் போய்விட்டது என்று நூபியா ரேடியோவில் சொன்னதைச் சொன்னாள். இப்படிப் பாட்டில் எத்தனை அந்தக் கரைக்குப் போயிருக்கிறது? அறுபத்தொன்று. இதைத் தடுக்க என்ன வழி?

"ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனியா அலுமினியத் தகட்டுல மூடணும். மூடி திறந்தா ஆயிரமும் கெடும். தகட்டுல பிரிச்சது மட்டுந்தான் வெளிய வரும்" என்றாள்.

அந்த மெஷின் நம்மிடம் இல்லையே என்றார் அவர். தெரியும் என்றாள். மருந்தின் பெயரை மெல்ல உச்சரித்துப் பார்த்தார், அவருக்கு அது வாயில் நுழையவில்லை. பிறகு அறிக்கையை மூடினார்.

"அனுமதியில்லாம கிடங்குலேர்ந்து மருந்து எடுத்தீங்க. டாக்டர் இல்லாம ஒரு நோயாளிக்குக் கொடுத்தீங்க. மூணு நாள் சஸ்பென்ஷன். வியாழக்கிழமை திரும்பி வாங்க, புகார் மேசைய நீங்க எடுத்துக்கணும். இனிமே வர்ற கடிதம் எதுக்கும் நீங்க சோதிக்காம பதில் போகக்கூடாது."

மூன்று நாளும் தங்கைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். தண்டனை சரிதான் என்றே அவளுக்குப் பட்டது. தங்கைதான் கோபப்பட்டாள்.

சுகாதாரத் துறைக்குக் கம்பெனியே எழுதியது. கரையோர நிலையங்களிலிருந்து பாட்டில்களைத் திருப்பி வாங்கினார்கள். வலிப்பு நோயாளிகளின் அளவை மாற்றாமல் புது மாத்திரைக்குத் தாவ வேண்டாம், முதலில் டாக்டரைக் கேளுங்கள் என்று சிவப்பு எழுத்தில் ஒரு தாள் கூடவே போனது. அந்த வாசகத்தை எழுதியது ஒத்தீலியா. முப்பத்தெட்டு பாட்டில்கள் திரும்பின. மற்றவை என்ன ஆயின என்று தெரியவில்லை. தகட்டு மெஷின் வரப் பதினான்கு மாதம் ஆனது. அதுவரை ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட நூறு மாத்திரைச் சிறு பாட்டில்கள் போயின. தோன்யா பவுலீனாவைப் பற்றியும் அறிக்கையில் ஒரு பத்தி இருந்தது. காரணம் நிறுவ முடியாது என்று அதில் எழுதியிருந்தாள். அது உண்மைதான், ஆனாலும் அந்த வரியை எழுத அவளுக்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது.

ஆய்வகத்தில் பாஸ்தோ கேலி நிற்கவில்லை. "பாஸ்தோக்காரி மாத்திரை கரையுதான்னு பாக்கக் கடலுக்கே போயிட்டா, தொட்டி பத்தலயாம்" என்று புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. அதை மட்டும் அவளே புதியவர்களிடம் சொல்லிக் காட்டினாள்.

இரண்டு வருடம் கழித்து, தகட்டில் அடைத்த மாத்திரைகள் கரைக்குப் போன பிறகு, எல்லா நிலையங்களையும் பார்த்துவர ஒத்தீலியாவையே அனுப்பினார்கள். இம்முறை கம்பெனி செலவில். கடல் அப்போதும் அவளை விடவில்லை, சாந்தா ரீத்தாவில் இறங்கும்போது முகம் வெளுத்துப்போயிருந்தது.

நூபியாவின் கூரை பாதி மாற்றப்பட்டிருந்தது. ஹசின்தோவின் கார்டைத் தானாகவே எடுத்துக் காட்டினாள். 1986 நவம்பரில் 'மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை' என்று அவள் எழுதியிருந்த வரியின்மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'தவறு' என்று எழுதித் தன் கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தாள். அழித்துவிட்டு வேறு கார்டு எழுதியிருக்கலாமே என்று ஒத்தீலியா கேட்டாள். "அவர்தான் வேணாம்னார். நான் எழுதினதும் தெரியணும், அடிச்சதும் தெரியணுமாம்" என்றாள் நூபியா.

ஹசின்தோவுக்கு வலிப்பு அடியோடு நின்றுவிடவில்லை. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்தது. உயரத்தில் ஏறும் வேலையை மச்சினனிடம் விட்டுவிட்டு, தரையில் நின்று செய்யும் வேலையைத் தான் வைத்துக்கொண்டான். படகு கேட்டு ஆட்கள் மறுபடி வர ஆரம்பித்திருந்தார்கள். தெல்ஃபீனா ஒத்தீலியாவைக் கட்டிக்கொண்டு, போன தடவையைவிட மெலிந்துவிட்டாய், மலையில் சோறே போடமாட்டார்களா என்று கேட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஹசின்தோ ஒரு தகட்டை எடுத்துவந்து அவள் முன்னால் போட்டான்.

"இதுல ஒரு புகார் இருக்கு. எழுதிக்கிறியா?"

எழுதிக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்று நோட்டைத் திறந்தாள். அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். உளி பிடித்துக் காய்ப்பேறிய விரல்கள். இந்தத் தகட்டை நகத்தால் பிரிக்க முடியவில்லை, பல்லால் கடித்தால் மாத்திரை நொறுங்குகிறது, அதனால் ஒவ்வொரு வேளையும் சின்ன உளியை எடுத்துத்தான் திறக்கிறேன் என்றான். தெல்ஃபீனா பக்கத்தில் நின்று தலையாட்டினாள். போன வாரம் உளி வழுக்கி மேசையில் குத்தியதையும் சேர்த்து எழுதச் சொன்னாள்.

ஒத்தீலியா தகட்டை வாங்கித் தானே பிரித்துப் பார்த்தாள். உண்மைதான், ஓரத்தில் பிடித்து இழுக்க இடமே விட்டிருக்கவில்லை. தேதி போட்டு, ஊர் பெயர் போட்டு, எழுத ஆரம்பித்தாள்.